வடிவம்மாள் எங்கள் ஊழியர் அல்ல

எங்க மியூசியத்துக்குப் பணம் இருக்கு. பேங்குல கெடக்கு, வட்டி மேல வட்டியாக் குட்டி போட்டுக் கெடக்கு. ஆனா ஒழுகுற கூரைக்கு ஒரு ஓடு மாத்தணும்னா அதுல கை வைக்க முடியாது. கரண்டு பில்லு கட்ட முடியாது. பெருக்குறவளுக்குச் சம்பளம் குடுக்க முடியாது. ஒரு வீட்டுல அரிசி மூட்டை மூட்டையா அடுக்கி இருக்கு, ஆனா பாயாசம் வைக்க மட்டும்தான் அதை எடுக்கலாம், சோறு பொங்கக் கூடாதுன்னு ஒருத்தன் எழுதி வச்சிட்டுச் செத்துப்போனா அந்த வீட்டுக்காரங்க கதி என்ன? எங்க கதி அதாக்கும். இதுல பொருளாளர்னு எனக்கு ஒரு பேரு வேற.

என் பேரு ராஜபாய். திருவனந்தபுரம் ஆரியசாலைக் கடைத்தெருவுல புளி, கருப்பட்டி மொத்த வியாபாரம். வீட்டுக்காரர் போனதுக்கு அப்புறம் கடை என் தலையில விழுந்துது, கடையோட சேர்ந்து இந்தக் கமிட்டி நாற்காலியும் விழுந்துது. வேண்டாம்னு சொல்லத்தான் போனேன். ஒரு பொம்பளை இருந்தா நல்லா இருக்கும்னு ஜெபசிங் அண்ணாச்சி சொன்னாரு. அவரு மொளகு வத்தல் மொத்தக் கடைக்காரர், எங்க கமிட்டிக்குத் தலைவர், என் வீட்டுக்காரருக்குக் கூட்டாளி. அவரு முகத்தைப் பாத்து எதையும் மறுத்துப் பேச எனக்கு வராது. உக்காந்தேன், இன்னும் எந்திரிக்கல.

மியூசியம்னு சொன்ன உடனே மிருகக்காட்சிசாலைப் பக்கம் இருக்கிற பெரிய மியூசியத்தை நெனைச்சிராதீங்க. எங்களுது சந்துக்குள்ள கொப்பரை அடுக்கி வைக்கிற ஒரு பழைய கிட்டங்கியோட மாடி. ரெண்டு ஹாலு, பின்னால ஒரு ரூம்பு, ஒரு குழாய். தெக்க இருந்து வந்த தமிழ்க்காரங்க இந்தத் திருவனந்தபுரத்துல எப்படிப் பொழைச்சாங்கன்னு காட்டுறதுக்காக எங்க அப்பன்மாரு காலத்துல தொடங்கினது. பழைய தராசு, படி, மரக்கால், மாட்டுவண்டி அச்சு, கலப்பை, ஓலைக் கடவப்பெட்டி, இப்படி. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வரும், பெஞ்சில உக்காந்து வரைஞ்சுக்கிட்டுப் போகும். ஒண்ணு ரெண்டு வெள்ளைக்காரங்க வழி தெரியாம வந்து நிப்பாங்க.

அப்புறம் பிச்சைக்கனி. எங்க தெருவுல பொறந்து சிங்கப்பூர் போயி கப்பலுக்குச் சாமான் ஏத்துற தொழில்ல கோடி கண்ட மனுசன். பிள்ளை குட்டி இல்ல. சாகும்போது எங்க மியூசியத்துக்குன்னு ஒரு பெரிய தொகையை மூலநிதியா எழுதி வச்சிட்டாரு. சேதி வந்த அன்னைக்கு சந்து முழுக்க லட்டு குடுத்தோம். லட்டு தின்னு முடிச்ச பிறகுதான் யோசுவா சார் பத்திரத்தை வாசிச்சாரு. யோசுவா சார் எங்க செயலாளர், பேங்குல மேனேஜரா இருந்து ரிட்டயரானவரு, ஒரு கமாவைக்கூட விடாம வாசிப்பாரு.

முதலைத் தொடக்கூடாது, வட்டியை மட்டும் எடுக்கலாம். சரி, அது கச்சவடம் பண்ற எந்த யாவாரிக்கும் தெரிஞ்ச நியாயம். ஆனா அந்த வட்டியில பழைய சாமான் வாங்க மட்டும்தான் செய்யலாம், வேற எதுக்கும் ஆகாது. வாங்குன சாமானை விக்கவோ திருப்பிக் குடுக்கவோ கூடாது. கமிட்டிக்காரங்க கிட்டயும் ஊழியர்கள் கிட்டயும் வாங்கக் கூடாது. ஒரு வருசத்து வட்டி மார்ச்சுக்குள்ள செலவாகலைன்னா மொத்த நிதியும் வேற ஊர்ல இருக்கிற வேற ஒரு மியூசியத்துக்குப் போயிரும். இதையெல்லாம் பாத்துக்கிட கொச்சியில ஒரு ஆபீஸ். அந்த மனுசன் எங்களை நம்பலைன்னு எனக்கு அன்னைக்கே கோவம். நம்பாதவன் எதுக்கு லட்டு வாங்க வச்சான்?

பத்திரத்தை மாத்திக்கிடலாமேன்னு கேப்பீங்க. நாங்களும் கேட்டோம். எழுதுனவர் செத்தாச்சு, கோர்ட்டுக்குத்தான் போகணும், வருசக்கணக்குல ஆகும்னு வக்கீல் சொன்னாரு. வக்கீல் பீஸை அந்த வட்டியில இருந்து எடுக்கலாமான்னு ஷாஜி கேட்டான். ஷாஜி எங்க நாலாவது ஆளு, வயசுல சின்னவன், பிளாஸ்டிக் கவர் வியாபாரம், வாயைத் தொறந்தா பாதி மலையாளம். எடுக்கக் கூடாதுன்னாரு யோசுவா சார். அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது.

ஆக, ஒரு பக்கம் கூரை ஒழுகும், இன்னொரு பக்கம் நாங்க புதுசா ஒரு ஊஞ்சல் கட்டிலோ செம்புப் பானையோ வாங்கிக்கிட்டே இருப்போம். வாங்குனதை ஒழுகாத மூலை பாத்து வைப்போம். ஒழுகாத மூலை கொறைஞ்சுக்கிட்டே வந்துது. அன்றாடச் செலவெல்லாம் கீழ இருந்த ரெண்டு கடை வாடகையிலயும், தெருக்காரங்க மாசா மாசம் குடுக்கிற சந்தாவிலயும் ஓடிக்கிட்டு இருந்துது. அப்புறம் ரோட்டைத் தோண்டிப் போட்டாங்க. மாசக்கணக்கா லாரி உள்ள வரல. கீழ இருந்த கடைக்காரங்க ரெண்டு பேரும் காலி பண்ணிக்கிட்டு பைபாஸ் பக்கம் போயிட்டாங்க. தெருவுல பாதிக் கடை ஷட்டர் போட்டாச்சு. சந்தா கேக்கப் போனா காப்பி குடுத்து உக்கார வச்சு அவங்க கஷ்டத்தைச் சொன்னாங்க. நான் என்னத்தைச் சொல்ல? என் கடையிலயே சாக்குத் தூக்குற ஆளைக் கொறைச்சாச்சு.

இதுல அடிபட்டவ வடிவம்மாள்.

வடிவம்மாள் போனக்காட்டுக்காரி. அங்க தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிச்சவ. தோட்டத்துல வேலை நின்னுபோச்சு, புருசனும் போயிட்டான். ஒரு தங்கச்சி, சரோஜம்னு பேரு, அவ மட்டும் மலையில, தோட்டத்துல வரிசையாக் கட்டி விட்ட லயத்து வீட்டுலயே கெடக்கா. வடிவு வீட்டுச் சாமானையெல்லாம் ஒரு ஜீப்புல ஏத்திக்கிட்டு ஊருக்குள்ள எறங்கி, வேலை கேட்டு என் கடை வாசல்ல வந்து நின்னா. நான்தான் மியூசியத்துல கொண்டு விட்டேன். பின்னால இருந்த ரூம்புல இருந்துக்கிட்டா. பெருக்குறது, கதவு தொறக்குறது, மழை வந்தா வாளி வைக்கிறது எல்லாம் அவதான். போகப்போகப் பிள்ளைங்களுக்குச் சாமானைக் காட்டி வெளக்கம் சொல்றதும் அவதான். மரக்காலைப் பத்தி அவ சொல்றதுல பாதி கட்டுக்கதை. அது தெரிஞ்சும் யோசுவா சார்கூட ஓரமா நின்னு கேட்டுட்டுத்தான் போவாரு. மியூசியத்துல வேலைன்னு சொல்லும்போது அவ மொகத்துல ஒரு மிடுக்கு வரும். கலெக்டர் ஆபீஸ்ல வேலை பாக்குறவகூட அப்படிச் சொல்ல மாட்டா.

அவளுக்கு ஆர்டர், கீர்டர் ஒண்ணும் எழுதிக் குடுத்தது இல்ல. எங்க தெருவுல யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. வேலைக்கு ஆளு வந்தா காப்பி குடுப்போம், அன்னையில இருந்து அவன் நம்ம ஆளு. மாசம் பொறந்தா பணத்தைக் கையில குடுத்து வவுச்சர்ல ஒரு கையெழுத்து. என் கடையிலயும் அப்படித்தான், ஜெபசிங் அண்ணாச்சி கடையிலயும் அப்படித்தான்.

அவளுக்குச் சம்பளம் நின்னு மூணாவது மாசம் கமிட்டி கூடுச்சு. வடிவு காப்பி கொண்டு வச்சிட்டு, ஒண்ணும் கேக்காம, அண்ணாச்சியை ஒரு பார்வை பாத்துட்டுப் போனா. ஆரியசாலையில கடையில உக்காந்துக்கிட்டு எவனும் இல்லைங்கிற சொல்லை வாயில எடுக்க மாட்டான். சரக்கு தீர்ந்துபோனாலும் நாளைக்கு வரும்னுதான் சொல்லுவான், இல்லைன்னு சொன்னா லச்சுமி போயிருவான்னு பயம். அண்ணாச்சி சர்ச்சுக்குப் போற வேதக்காரர், ஆனாலும் அந்தப் பயம் அவருக்கும் உண்டு. அவராலே அந்தப் பிள்ளையக் கூப்பிட்டு உனக்குச் சம்பளம் இல்லைன்னு சொல்ல முடியல. காப்பியை ஆற விட்டுட்டு யோசிச்சுக்கிட்டே இருந்தாரு. பொறவு சொன்னாரு, சம்பளம் குடுக்கத்தானே கூடாது, சாமான் வாங்கலாம் இல்லியா, அவ கிட்ட போனக்காட்டுச் சாமான் கெடக்கே, மாசம் ஒண்ணு வாங்குவோம்னு.

எங்களுக்கு அது என்னா நல்ல வழியாத் தோணிச்சு தெரியுமா. வாங்குறது, விக்கிறது, எங்களுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதானே? யோசுவா சார் மட்டும் ஊழியர் கிட்ட வாங்கக் கூடாதுன்னு இருக்கேன்னு இழுத்தாரு. ஆர்டர் எங்க, பதிவு எங்க, பேப்பர்ல அவ ஊழியரே இல்லையேன்னு ஷாஜி மடக்கினான். அதுவும் தவிர, நம்ம மியூசியத்துல தோட்டத் தொழிலாளிங்க சாமான் ஒண்ணுகூட இல்ல, வாங்குறது நியாயந்தான்னான். அதுவும் சரியாத்தான் இருந்துது. காரியம் நடந்தா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்கா உடைக்கேன்னு நேர்ந்துக்கிட்டான். ஒருமனதாத் தீர்மானம் போட்டோம்.

மொதல்ல கொழுந்துக் கூடை வாங்கினோம். வடிவுக்குச் சந்தோசம்னா அப்படி ஒரு சந்தோசம். அவ அம்மா முதுகுல கெடந்த கூடை கண்ணாடிப் பெட்டிக்குள்ள, கீழ அவ பேரு, ஊரு பேரு. பிள்ளைங்களை நேரா அங்கதான் கூட்டிட்டுப் போவா. அடுத்த மாசம் மழைக்குத் தலையில போடுற சாக்கு. அடுத்து அட்டை கடிக்குப் பொகையிலை கட்டி வைக்கிற துணிப்பை. அரிக்கேன் வெளக்கு, தூக்குச்சட்டி, ஈயப்போணி, டிரங்குப் பெட்டி. ரெண்டு வருசம் இப்படி ஓடிச்சு. கமிட்டியில நாங்க நாலு பேரும் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு அந்தச் சாமானைத் திருப்பித் திருப்பிப் பாப்போம். சம்பளத்துக்குச் சரியா வெலை போடணுமே. ஒரு தடவை அவ பிளாஸ்டிக் வாளியைக் கொண்டு வந்துட்டா. இது பழசு இல்லையேன்னு யோசுவா சார் சொன்னாரு. நான் மலையில இருந்து எறங்கும்போதே பழசு சார்னா. சிரிச்சோம். வாளி வேண்டாம்னு சொல்லி அவளோட பாயை வாங்கினோம்.

பாயை வாங்கின பொறவு அவ எதுல படுப்பான்னு அன்னைக்கு எங்க நாலு பேருக்கும் தோணல. மறுநாள் காலையில போய்ப் பாக்கேன், அட்டைப் பெட்டியைப் பிரிச்சு விரிச்சுப் படுத்திருந்திருக்கா. எனக்கு வந்த கோவத்துல அவளைத்தான் ஏசினேன், வேற யாரை ஏச? வீட்டுல இருந்து பாய், போர்வை, தட்டு, டம்ளர் எல்லாம் கொண்டு குடுத்தேன். அம்மியை வாங்கின மாசம் இன்னொரு கூத்து. ஹாலுக்குள்ள வெள்ளைப்பூடு மணக்குதுன்னு யோசுவா சார் மோப்பம் பிடிச்சுக்கிட்டே போயி அம்மி பக்கத்துல நின்னாரு. விடியுமுன்ன அவ அதுல தோசைக்குச் சம்மந்தி, அதான் சட்னி, அரைச்சுட்டு, கழுவித் தொடைச்சு, பேரு எழுதுன அட்டையைத் திரும்ப மேல சாத்தி வச்சிருக்கா. பார்வைக்கு வச்ச சாமானைப் பொழங்கக் கூடாதுன்னு சார் பாடம் எடுத்தாரு. அவ தலையை ஆட்டிக் கேட்டுட்டு, அவருக்கு அந்தச் சம்மந்தியை வச்சு ரெண்டு தோசை குடுத்தா. தின்னாரு.

அப்படி அந்த ரூம்புல இருந்தது ஒவ்வொண்ணா ஹாலுக்கு வந்துது. ஒரு செவர்தான் நடுவுல. ஆனா அந்தச் செவரைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தது ஒண்ணும் திரும்பிப் போகாது.

போன வருசம் கொச்சி ஆபீஸ்ல இருந்து விஷ்ணுப்ரியான்னு ஒரு பிள்ளை வந்தா. எங்க கணக்கையும் சாமானையும் நேர்ல பாக்க அனுப்பியிருந்தாங்க. வருமுன்னே நாங்க வடிவைக் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொல்லிக் குடுத்தோம், கேட்டா நீ இங்க வேலை பாக்கேன்னு மட்டும் சொல்லிராதேன்னு. ஏன்னு கேட்டா. சொன்னா இதுவரைக்கும் வாங்கினதெல்லாம் தப்பாயிரும், நிதி போயிரும், மியூசியத்தைப் பூட்டணும்னு அண்ணாச்சி சொன்னாரு. பூட்டினா நான் எங்க போவேன்னு கேட்டா. அதுக்காகத்தான் சொல்லுதோம்னாரு. புரிஞ்சுதோ இல்லியோ, சரின்னுட்டா.

விஷ்ணுப்ரியா கெட்ட பிள்ளை இல்ல. கெட்டவளா இருந்திருந்தா ரெண்டு வார்த்தை ஏசியாவது ஆறியிருப்பேன். தோட்டத்துச் சாமானையெல்லாம் பாத்து அவளுக்கு அவ்வளவு பிடிச்சுப்போச்சு, கொள்ளாம் கொள்ளாம்னு மெச்சி மெச்சிப் போட்டோ எடுத்துக்கிட்டே இருந்தா. பொறவுதான் அட்டைகளை வரிசையா வாசிச்சுப் பாத்துட்டு, எல்லாம் ஒரே ஆளு கிட்டயா வாங்கியிருக்குன்னு கேட்டா. அந்த ஆளை ஒண்ணு பாக்கணும்னா. வடிவு கதவு பக்கத்துலதான் நின்னா. இவதான்னு அண்ணாச்சி கையைக் காட்டினாரு.

"இவிடே உங்களுக்கு என்ன ஜோலி?"னு அந்தப் பிள்ளை சிரிச்சுக்கிட்டேதான் கேட்டா.

"எனக்கு இங்க ஒரு வேலையும் இல்ல மோளே. நான் சாமான் விக்க வர்ற ஆளு."

தடுமாறல, எங்க பக்கம் திரும்பிப் பாக்கல. இத்தனை வருசமா மியூசியத்துல வேலைன்னு நெஞ்சை நிமித்திச் சொன்ன அதே வாய். எனக்கு அந்த எடத்துலயே பூமிக்குள்ள போயிரலாம்னு இருந்துது. அண்ணாச்சி கைலேஞ்சியை எடுத்து மொகத்தைத் தொடைச்சாரு.

தப்பிச்சோம்னு நெனைச்சோம். அந்தப் பிள்ளை பின் ரூம்பைப் பாக்கணும்னு போனா. பாய் விரிச்சிருக்கு, கொடியில சேலை கெடக்கு, ஸ்டவ்வுல கஞ்சி இருக்கு. இங்க யாரு தாமசம், யாரு குடியிருக்கான்னு கேட்டா. மலையில இருந்து வந்தா தங்கிக்கிடுவான்னு அண்ணாச்சி சொன்னாரு. அதுக்கு அவ பதமாத்தான் சொன்னா. இவங்க ஊழியரா இருந்தா இங்க தாமசிக்கலாம், ஆனா இவங்க கிட்ட வாங்கின சாமானுக்கு உள்ள பணத்தையெல்லாம் நீங்க நாலு பேரும் நிதிக்குத் திரும்பக் கட்டணும், நிதியையும் இனிமே உங்களுக்கு விட்டு வைக்க முடியாது. வெளியாளா இருந்தா வாங்கினதெல்லாம் சரி, ஆனா வெளியாளு கையில சாவியும் ரூம்பும் இருக்கக் கூடாது. ரெண்டுல எதுன்னு கமிட்டி தீர்மானம் போட்டு அனுப்புங்க, எனக்கு வேற வழியில்ல, என் வேலையும் இதுலதான் இருக்குன்னா. போகும்போது வடிவு போட்ட சாயாவைக் குடிச்சிட்டுத்தான் போனா.

அன்னைக்குச் சாயங்காலமே கூடினோம். ஊழியர்னு ஒத்துக்கிட்டா மியூசியம் போச்சு, மியூசியம் போனா அவ வேலையும் ரூம்பும் போச்சு. வெளியாளுன்னு சொன்னா மியூசியம் நிக்கும், அவ வேலையும் ரூம்பும் போச்சு. எந்தப் பக்கம் திருப்பிப் பாத்தாலும் போறவ அவதான். நாலு பேரும் பணத்தைக் கட்டிருவோம்னு நான் சொல்லிப் பாத்தேன். அண்ணாச்சி கடையே பேங்குல பணயத்துல இருக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுது. வெத்தலைப்பெட்டியைத் தொறந்து தொறந்து மூடிக்கிட்டு, ராஜம், நான் எப்படியம்மா கட்டன்னு கேட்டாரு. அப்படி அவரு யார் கிட்டயும் பேசி நான் கேட்டது இல்ல.

என் கையில இருந்து மாசாமாசம் அவளுக்குக் குடுத்து இங்கேயே வச்சுக்கிடுதேன்னு சொன்னேன். பொருளாளர் மாசாமாசம் குடுத்தா அது சம்பளம்தான்னு யோசுவா சார் சொன்னாரு. சார், நீங்க சட்டம் பேசினது போதும்னு கத்தினேன். அவரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டு, எனக்கு மட்டும் ஆசையாம்மான்னாரு. அதுக்கு மேல அவர்கிட்ட என்னத்தைச் சண்டை போட?

வடிவம்மாள் எங்கள் ஊழியர் அல்ல, எந்தக் காலத்திலும் இருந்தது இல்ல. ஒருமனதாத் தீர்மானம். நாலு கையெழுத்து. மூணாவது என்னுது.

என் வீட்டுக்கு வந்து இருந்துக்கோன்னு அவளைக் கூப்பிட்டேன். என் கூடச் சமைச்சுச் சாப்பிட்டு இருக்கலாம், ஒரு கொறையும் வராதுன்னேன். அக்கா, உங்க அடுக்களையில கெடந்தா என்னை எல்லாரும் உங்க வேலைக்காரின்னுதான் சொல்லுவாங்க, நான் மியூசியத்துல இருந்தவ, நான் தங்கச்சி கிட்டப் போறேன்னா. அவ சொன்னது நியாயம். நியாயமா இருந்ததுதான் எனக்குப் பொறுக்கல.

ஆட்டோ பிடிச்சுக் கொண்டு போனேன். சாமான் ஏத்த ஆள் வேணும்னு ஷாஜி வேற வந்து நின்னான். ஏத்த ஒண்ணும் இல்ல. ஜீப்பு நெறைய வந்தவ ஒரு துணிப்பையோட எறங்கினா. அதுலயும் நான் குடுத்த தட்டும் போர்வையும்தான். சாவியை என் கையில குடுத்துட்டு, மழை வந்தா ரெண்டாவது ஹாலு கெழக்கு மூலையில வாளி வைக்கணும்னு சொல்லிட்டு ஏறினா. நான் தம்பானூர் வரைக்கும் கூடப் போயி போனக்காட்டு பஸ்ஸுல ஏத்தி விட்டேன். பஸ்ஸு கெளம்புற வரைக்கும் அவ என்னைப் பாத்துச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தா. நான் கடைக்கு வந்து யாரோ ஒரு லாரிக்காரனோட காரணமில்லாம சண்டை போட்டேன்.

தீர்மானம் கொச்சிக்குப் போச்சு. எல்லாம் ஒழுங்கா இருக்குன்னு ரிப்போர்ட்டு வந்துது. நிதி நின்னுது. அடுத்த வருசத்து வட்டியும் வந்து விழுந்துது. சாமான் விக்கத்தான் ஆள் கெடைக்கல. மாசம் ஓடிப்போச்சு, மார்ச்சு கிட்ட வந்துது, இன்னும் பாதிப் பணம் செலவாகாம கெடக்கு. விஷ்ணுப்ரியா போன் பண்ணி, செலவாகலைன்னா நிதி போயிரும், ஓர்மையிருக்கான்னு ஞாபகப்படுத்தினா. அவளேதான் ஒரு வழியும் சொன்னா. அந்தத் தோட்டத்துச் சாமான் வித்த அம்மா இப்ப மலையிலதானே இருக்காங்க, அவங்க கிட்டச் சொல்லி லயத்துல இருந்து இன்னும் வாங்கலாமே, இப்ப ஒரு ஆட்சேபமும் இல்லையேன்னா.

சொல்லி அனுப்பினோம். சரோஜம் வீட்டுல ஆரம்பிச்சு லயம் முழுக்கப் பொறுக்கி எடுத்துக்கிட்டு வடிவு வந்தா. மூணு சாக்கு. யாரோ கஞ்சி வடிச்சுக்கிட்டு இருந்த பானை, யாரோ சீராட்டுன தொட்டில், இன்னும் எண்ணெய்ப் பிசுக்கு போகாத வெளக்கு. சாமான் வாங்க ஆள் இருக்குன்னு சொன்ன உடனே லயத்துல எல்லாரும் வாசலுக்குக் கொண்டு வந்துட்டாங்க அக்கான்னா. மெலிஞ்சுபோயிருந்தா. ஒவ்வொரு சாமானா எடுத்து எந்த வீட்டுதுன்னு சொல்லிக்கிட்டே வச்சா. அண்ணாச்சி வெலை பேசவே இல்ல. அவ சொன்னதுக்கு மேலயே போட்டாரு. வருசம் முடியுதே, பணம் தீரணுமே.

விஷ்ணுப்ரியாவும் அன்னைக்கு வந்திருந்தா, வருசக் கடைசிப் பார்வைக்கு. பக்கத்து ஹாலுல நின்னு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தா. நான் மேசையில உக்காந்து வடிவுக்கு வவுச்சர் எழுதிக்கிட்டு இருந்தேன். எழுதுற சத்தத்தோட இன்னொரு சத்தம் கேட்டுது. நிமிந்து பாத்தா, வடிவு சேலையை இடுப்புல சொருகிக்கிட்டு, கதவுக்குப் பின்னால இருந்த தொடைப்பத்தை எடுத்துப் பெருக்க ஆரம்பிச்சுட்டா.

நான் எந்திரிச்சு ஓடினேன். என் ஒடம்புக்கு நான் ஓடி எத்தனையோ காலமாச்சு. போயி அந்தத் தொடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டேன். அவ விடல. பெருக்க ஆளு இல்லாம அந்தத் தரை எப்படிக் கெடந்துதுன்னா, புறா எச்சமும் ஓட்டுத் தூசியுமா, பாக்கச் சகிக்காது.

"விடு வடிவு. நீ பெருக்கக் கூடாது."

"பாத்துட்டு எப்படிக்கா சும்மா இருக்க?"

"அந்தப் பிள்ளை பாத்தா நீ வேலை பாக்குறதா எழுதிருவா. எல்லாம் போயிரும்."

விட்டுட்டா. சேலையை எறக்கி விட்டுக்கிட்டு, பிள்ளைங்க உக்காந்து வரையிற பெஞ்சில போயி உக்காந்தா. மடியில கையை வச்சுக்கிட்டா. தொடைப்பம் என் கையில இருக்கு, தரையில பாதி அவ பெருக்கினது, பாதி அப்படியே கெடக்கு. மிச்சத்தை நானே பெருக்க ஆரம்பிச்சேன். தூசி என் மூஞ்சியிலயே வந்து அடிச்சுது. ரெண்டு இழுப்புக்குள்ள மூச்சு வாங்கிச்சு.

வடிவு பெஞ்சில இருந்தபடி பாத்துக்கிட்டே இருந்தா. பொறுக்க முடியாம, "அக்கா, அப்படி இல்ல, மொதல்ல தண்ணி தெளிச்சுட்டு மூலையில இருந்து"ன்னு தொடங்கினவ, பாதியில நிறுத்திட்டா. பக்கத்து ஹாலைத் திரும்பிப் பாத்தா. பொறவு மெதுவாக் கேட்டா.

"சொல்லிக் குடுத்தாலும் வேலை பாத்ததா ஆயிருமா அக்கா?"

தெரியல வடிவுன்னு சொன்னேன்.